என்ன கூட்டம் என்று கேட்டார்கள்

இந்தச் சீமையில் எல்லாரும் சாமி. பஸ் கண்டக்டர் "ஏறுங்க சாமி" என்கிறார். ராசிபுரம் சந்தையில் நெய் விற்கிற பெண் "மோந்து பாருங்க சாமி" என்று நம் புறங்கையில் ஒரு சொட்டு விடுகிறாள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் சாமி, கோலூன்றி நடக்கிற கிழவரும் சாமி. தாமிரபரணிக்குத் தெற்கே தேரி மணல் ஓரத்தில் பிறந்து, ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போய் வளர்ந்தவன் நான். அந்தப் பெயரை மனிதருக்குக் கொடுக்கக் கூடாது என்று படித்தவன். வந்த முதல் மாதத்தில் அது எனக்குப் பெரிய இடறலாக இருந்தது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ஒரு வண்டிக்காரரிடம், "அண்ணாச்சி, நான் சாமி இல்லை, பள்ளிக்கூட வாத்தியார்" என்று சொல்லிவிட்டேன். அவர் மாட்டைத் தட்டிக்கொண்டே, "அதுக்கென்னுங்க சாமி, வாத்தியாருஞ் சாமிதானுங்க" என்றார். அதன் பிறகு நான் யாரோடும் வாதாடவில்லை.

கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்து நம் சபையார் எழுதுகிற கடிதங்களை நானும் வாசித்திருக்கிறேன். அவர்கள் கப்பலேறிப் போனவர்கள். பாஷை தெரியாத ஜனங்கள் நடுவே இருக்கிறோம் என்று வருந்தி எழுதுகிறார்கள். நான் ரயிலும் பஸ்ஸும் ஏறி, தமிழ் பேசுகிற இடத்துக்குத்தான் வந்தேன். ஆனால் ஒரே பாஷையைப் பேசிக்கொண்டு ஒருவரையொருவர் தப்பாக விளங்கிக்கொள்வதில் உள்ள ஆபத்தைக் கப்பலேறிப் போனவர்கள் அறிய மாட்டார்கள். அப்படி ஒரு தப்பிதத்தில் நான் ஏழு மாதம் சுகமாக வாழ்ந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்களும் வாசிக்கட்டும், என்னைப் போல் வெளியூரில் வேலை பார்க்கிறவர்களும் வாசிக்கட்டும்.

எங்கள் மிஷன் கமிட்டியார் என்னை அனுப்பியபோது எனக்கு வயது இருபத்தாறு. என் மனைவி அன்னபாக்கியத்துக்கு இருபது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, பஸ் ரோட்டை விட்டு இறங்கி மூன்று மைல் நடந்தால் வருகிற ஊர். ஊருக்கும் சேரிக்கும் இடையில் புறம்போக்கில் ஒரு கூரைக்கொட்டகை, அதுதான் பள்ளிக்கூடம். நம் பக்கத்தில் மண்ணைத் தோண்டினால் மண் வரும். இங்கே இரண்டு முழம் தோண்டினால் பாறை வரும். கிணறு என்றால் நாலு பக்கமும் பாறையை வெட்டி இறக்கிய பெரிய பள்ளம். எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். வந்த மறுநாள் ஊர்ப் பெரியவரான செங்கோடக் கவுண்டரைப் பார்க்கப் போனேன். அவர் சம்சாரம் பாவாயி அம்மாள், "கவல ஓட்டப் போயிட்டாருங்க, பொழுதோட வாங்க" என்றார். மனுஷருக்கு என்னவோ மனக்கஷ்டம், அதை ஆற்றிக்கொள்ளப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். பொழுதோடு என்றாரே என்று மறுநாள் விடியற்காலையில் போய் நின்றேன். பிறகுதான் தெரிந்தது, நாம் கமலை என்பதை இவர்கள் கவலை என்கிறார்கள். மாடு கட்டித் தோல்சாலில் தண்ணீர் இறைப்பது. பொழுதோடு என்றால் சாயங்காலம்.

அன்று மாலை கவுண்டரே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வாத்தியாருக்குப் பூர்வீகம் எங்கீங்க?"

"திருநெல்வேலிக்குத் தெற்கே."

"நல்லதுங்க. என்ன கூட்டமுங்க?"

வேதக்காரர்களாயிற்றே, என்ன கூட்டம் நடத்துவார்கள் என்று விசாரிக்கிறார் என எண்ணி மகிழ்ந்தேன். "ஜெபக்கூட்டம்தான்" என்றேன்.

"ஜெபக்கூட்டம்." அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார். "கேட்டதில்லீங்க. தெக்க நெறையாப் பேருங்களா?"

"ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் ஊரில் மட்டும் ஆயிரம் பேர் வருவார்கள்."

"ஆயிரமா! பெரிய கூட்டமுங்க" என்றார் கவுண்டர். அவர் முகத்தில் மரியாதை கூடியது. "வேதத்துல சேந்தாலும் கூட்டம் எங்கீங்க போயிரும்?" என்று சொல்லிவிட்டு, ஊருக்குள் காலியாயிருந்த தம்முடைய ஓட்டு வீட்டை எங்களுக்குக் கொடுத்தார். ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளவும் சொன்னார். கர்த்தர் வழியைச் செவ்வையாக்கினார் என்று அன்று முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் செய்தேன்.

இங்கே கவுண்டர்மார் தங்கள் குலப் பிரிவுகளைக் கூட்டம் என்று சொல்வார்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் கூட்டம் பார்த்துத்தான். இதை நான் இரண்டு மாதம் கழித்து, ராசிபுரத்தில் புடவை வாங்கப் போன இடத்தில், நெசவுக்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் நடந்ததைச் சொன்னதும் அவர் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஊர் திரும்புகிற வழியில் மூன்று மைலும் நடந்துகொண்டே யோசித்தேன். கவுண்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் வீடு போகும், கிணறு போகும். கவுண்டர் பேரனையும் சேர்த்து ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் தனிப் பலகையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், அவர்களும் போவார்கள். சேரிப் பிள்ளைகள் இருபது பேருக்காக நடக்கிற பள்ளிக்கூடம் ஊரின் பகையால் மூடிப் போனால் யாருக்கு லாபம்? நான் பொய் சொல்லவில்லையே, கேட்டதற்குத் தெரிந்ததைத்தானே சொன்னேன்? வீட்டுக்கு வந்து சேருவதற்குள் பேசாமல் இருப்பதே ஊழியத்துக்கு நல்லது என்று தீர்மானித்துவிட்டேன். காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள். இப்போது நினைத்தாலும் ஒன்றைக்கூடத் தப்பென்று சொல்ல முடியவில்லை. அத்தனை நல்ல காரணங்கள் ஒரு மனிதனுக்கு ஒரே நாளில் அகப்படும்போது அவன் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

நம் பெற்றோர் வழியில் பனையேறாதவர்கள் யார்? என் தாத்தா எந்தக் கிணற்றண்டை போகலாம், எந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் காலத்தில் சபையார் ஆலயத்தின் பின்னால் தங்களுக்கென்று ஒரு கிணறு தோண்டினார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன் நான். சேலம் ஜில்லாவுக்கு வந்து, என்னவென்று தெரியாத ஒரு கூட்டத்தின் பேரால் இன்னொரு கிணற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். சேரியார் ஓடைமணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மோந்து குடித்தார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மாசி மாதமே ஊற்று வற்றத் தொடங்கியது. சேரிப் பெண்களும் பிள்ளைகளும் இரண்டு மைல் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒருநாள் அங்காயி என்கிற எட்டு வயதுப் பெண், தண்ணீர் சுமந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தவள், பாடம் ஒப்பிக்க எழுந்து நின்றபோது அப்படியே சரிந்து விழுந்தாள். அன்னபாக்கியம் வீட்டிலிருந்து ஓடிவந்து, மூலையிலிருந்த எங்கள் பானையிலிருந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அன்று முதல் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பானையில் குடித்தார்கள். நான் தடுக்கவில்லை. பானையைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான்.

பங்குனியில் ஒரு மத்தியானம், பேரன் எழுதுவதைப் பார்க்கக் கவுண்டர் வந்தார். கதவோரம் அங்காயி தம்ளரோடு நின்றாள். அவர் பானையைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"வாத்தியாருங்க, இது நம்ம கெணத்துத் தண்ணிங்களா?"

"இல்லை. அவர்கள் கொண்டுவந்தது" என்றேன்.

"அந்தப் புள்ளைக்குத் தனித் தம்ளருங்களா?"

"தனிதான்."

"உங்க ஊட்டுக்கும் இவங்களுக்கும் பொழக்கம் ஒண்ணும் இல்லீங்களே?"

"பாடம் சொல்லிக் கொடுப்பதோடு சரி."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மூன்று தடவை மறுத்தேன் என்று நான் எண்ணிப் பார்த்தது பிறகுதான். முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டு ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்ன சீடனைப் பற்றி நான் எத்தனையோ ஞாயிறு பேசியிருக்கிறேன். அவன் பொய்யை அவனுக்கு உணர்த்தக் கோழியாவது கூவிற்று. இங்கே கோழிகள் வெயிலுக்குப் பயந்து வேலி நிழலில் படுத்திருந்தன. நான் கண்டது அங்காயியைத்தான். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, தான் கொண்டுவந்த தண்ணீரையே குடித்தவள் போல் நின்றாள். என்னை வெறுத்துப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பிள்ளை என் பொய்யை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டு நின்றது.

அன்னபாக்கியம் கொட்டகையின் பின்புறம் இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடித்தேன்.

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டுது" என்றாள்.

"பள்ளிக்கூடத்துக்காகச் சொன்னேன்."

"எங்க தாத்தா முதுகில ஒரு தழும்பு உண்டு. கிணத்தடியில வாங்கினது. சின்னதில நான் அதைத் தடவிப் பாத்திருக்கேன்." அவள் என் தட்டை எடுத்தாள். "நீங்க உபதேசம் பண்ணுதவிய. உங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்? நாளையில இருந்து நான் அங்காயி அம்மைகூட ஓடைக்குப் போறேன். உங்களுக்கு அந்தக் கிணத்துத் தண்ணிதான் வேணும்னா, நீங்களே போய்க் கோரிக்கிடுங்க."

மறுநாள் அப்படியே போனாள். கவுண்டரின் ஓட்டு வீட்டில் குடியிருக்கிறவள் குடத்தோடு சேரிப் பெண்களின் பின்னால் நடப்பதை ஊர் முழுவதும் பார்த்தது. அவள் திரும்பி வரும்போது பாவாயி அம்மாள் வழியில் மறித்து, "ஏனம்மிணி, நம்ம கெணத்துல தண்ணி இருக்குதே, அங்க எதுக்குப் போற?" என்று கேட்டார். அன்னபாக்கியம், "எங்க ஊட்டுக்காரங்க வந்து சொல்லுவாங்க அம்மா" என்றாளாம். பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டு வந்தாள். பதினைந்து வருஷ மணவாழ்வில் அவள் எனக்குச் செய்த உபகாரங்களில் அதைத்தான் முதலாவதாகச் சொல்லுவேன்.

கவுண்டர் தோட்டத்தில் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்குவதும் பின்னால் ஏறுவதுமாயிருந்தன. நான் கிணற்றுக்குப் பத்தடி தள்ளியே நின்றேன். "நீங்கள் முதல் நாள் கேட்ட கேள்விக்கு நான் தப்பாகப் பதில் சொன்னேன். அது என் அறியாமை. அறிந்த பிறகும் பேசாமல் இருந்தேன். அது பாவம். நேற்றுச் சொன்னதும் பொய். பிள்ளைகள் குடித்தது உங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். நானும் என் சம்சாரமும் பனையேறி வீட்டுப் பிள்ளைகள்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அடிப்பார் என்றே நினைத்தேன்.

அவர் மாட்டை நிறுத்தினார். சாலிலிருந்து தண்ணீர் வழிந்து முடிந்தது. "மொத நாளே சொல்லியிருக்கலாமுங்க" என்றார். பிறகு, "ஏழு மாசம் ஊரையே ஏய்ச்சுப் போட்டீங்க. ஊருக்கு நானல்லீங்களா பதில் சொல்லோணும்? ஊட்டை உட்ருங்க. கெணத்துப் பக்கம் வர வேண்டாம்" என்றார். நான் திரும்பி நடந்தேன். அவர் கூப்பிட்டார். "ஏனுங்க வாத்தியாரு. யாரும் கேக்காமயே வந்து சொல்றீங்களே, அது எதுக்குங்க?" "என் சம்சாரம் ஓடைக்குப் போய்விட்டாள்" என்றேன். அவர் அதை எப்படி விளங்கிக்கொண்டாரோ, ஒரு தரம் தலையசைத்தார்.

கொட்டகையின் ஒரு பக்கத்தைத் தடுத்து அதில் குடியேறினோம். ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரும் நின்றுபோனார்கள். பாவாயி அம்மாள் எங்களைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அங்காயியின் தகப்பன் சடையன் மட்டும், "ஊருக்குள்ளயே இருந்திருக்கலாமுங்களே, எங்களால உங்களுக்கு இடைஞ்சல்" என்று வருத்தப்பட்டார். நாங்கள் செய்ததைத் தியாகம் என்று அவர் நினைத்ததுதான் எனக்கு மிகவும் கூச்சமாயிருந்தது.

சித்திரையில் ஊற்று அடியோடு வற்றிற்று. இரண்டு மைலுக்கு அப்பாலும் சேறுதான். பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கமிட்டியாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தை மூட உத்தரவு கேட்கிற கடிதம். பாதி எழுதியிருப்பேன், பின்னால் வேலியோரம் பெண்கள் கூவுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தண்ணீர். எங்கள் கொட்டகைக்கு அடுத்தாற்போல் இருக்கிற கவுண்டர் தோட்டத்து வாய்க்கால் எப்போதும் மேல் வரப்போடு நின்றுவிடும். இப்போது புதிதாக வெட்டிய ஒரு வாய்க்கால் வரப்பைத் தாண்டி, எங்கள் வேலி வரை வந்திருந்தது. வேலியடியில் ஒரு குழியும் வெட்டியிருந்தது. குழி நிரம்பித் தெளிந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. உடைப்பாயிருக்கும், தொட்டால் பழி வரும் என்று பயந்தார்கள். நான் வேலிக்கு இப்பால் நின்று கவுண்டரைக் கூப்பிட்டேன்.

"வாய்க்கால் உடைந்துவிட்டதுங்களா?"

"ஒடையலீங்க" என்றார், மாட்டை ஓட்டுவதை நிறுத்தாமல். "இந்தக் கடைசியில சோளம் போட்டிருக்குது. அதுக்குப் பாயுது."

அந்தக் கடைசியில் சோளம் இல்லை. ஒன்றுமே இல்லை, கருகின கட்டாந்தரை. சற்று நேரம் கழித்து அவரே, "ஓடற தண்ணிக்குத் தீட்டு இல்லீங்க" என்று மாட்டிடம் சொல்வதுபோல் சொன்னார். அங்காயி முதலில் குனிந்து குடத்தை அமிழ்த்தினாள். ஆடி மாதம் மழை இறங்குகிற வரைக்கும் தினமும் காலையில் ஒரு நாழிகை அந்த இல்லாத சோளத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. கமிட்டியாருக்கு எழுதிய பாதிக் கடிதத்தை அன்னபாக்கியம் அடுப்பில் போட்டாள்.

இதிலிருந்து என்ன போதனை என்று வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். நானும் பல தரம் கேட்டிருக்கிறேன். இந்த ஜனங்களுக்கு ஜீவத்தண்ணீரைக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஊரிலிருந்து புறப்பட்டேன். வந்த இடத்தில், அறிக்கை செய்வது எப்படி என்று என் மனைவியிடமும், மன்னிப்பது எப்படி என்று ஒரு சிறு பெண்ணிடமும், இரக்கத்தைச் சத்தமில்லாமல் செய்வது எப்படி என்று நம் ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்காத ஒரு மனிதரிடமும் படித்தேன். ஆனால் கவுண்டரைப் பரிசுத்தவானாக்கவும் எனக்கு மனமில்லை. அவர் கிணற்றில் சேரியார் இன்றுவரை இறங்கியதில்லை. வாய்க்கால் கிணறு ஆகாது. அந்த இரக்கமும் மெய், இந்த விலக்கும் மெய். அடுத்த வருஷம் நானும் சடையனும் சேரியாரும் சேர்ந்து, கல்லுடைக்கிறவர்களை வைத்து, பள்ளிக்கூடத்தின் பின்னால் பாறையை வெட்டி ஒரு கிணறு இறக்கினோம். பத்து மாதம் பிடித்தது. தண்ணீர் சற்று உப்பு. ஆனாலும் குடிக்கலாம். கவுண்டர் பேரன் மறுபடி பள்ளிக்கூடம் வந்தான். மற்ற மூவரும் வரவில்லை.

போன வருஷம் நீண்ட லீவில் ஊருக்கு வந்திருந்தேன். வாசிக்கிறவர்களில் சிலர் அன்று ஆலயத்தில் இருந்திருப்பீர்கள். ஆராதனைக்குப் பின் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் இதையே சொன்னேன். என் பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' ஒட்டியிருக்கிறதென்று வாலிபர் சிரித்தார்கள். ஒரு மூப்பர் எழுந்து, "நல்லவேளை, நம்ம ஊரில அந்த வித்தியாசமெல்லாம் இல்ல" என்றார். அப்போதுதான் நான் மேடையிலிருந்து பார்த்தேன். கடைசித் தூணுக்கும் பின்னால், வாசற்படி ஓரம், தனிப் பாயில் தெருக்கூட்டுகிற குடும்பத்தார் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிறந்த நாள் முதல் அவர்கள் அங்கேதான் உட்காருகிறார்கள். அதே ஞானஸ்நானம் பெற்றவர்கள். இருபத்தாறு வருஷம் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. மூப்பரிடம் அதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "வெளியூர் போய் வந்தா இப்படித்தான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அன்று மத்தியானம் என் சொந்த அண்ணன் வீட்டில் விருந்து அமைதியாக நடந்தது. எழுதுவதற்குத் தயங்கினேன். ஆனாலும் ஒரு தரம் பேசாமலிருந்து பட்டது போதும்.

லீவு முடிந்து கரூர் வரைக்கும் ரயிலில் வந்து, காவிரியைப் பரிசலில் கடந்தோம். ஆற்றில் தண்ணீர் நிறைய. அக்கரையில் மோகனூர், அங்கிருந்து பஸ். பரிசல்காரர் துடுப்பைப் போட்டபடி எங்கள் மூட்டைகளைப் பார்த்தார். "ஒறம்பரைக்குப் போறீங்களா, இல்ல சொந்த ஊடுங்களா?" என்றார். உறவினர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா என்று கேட்கிறார். அன்னபாக்கியம் முந்திக்கொண்டு, "ஊட்டுக்குத்தானுங்க" என்றாள். பரிசல் ஓரிடத்தில் நேராக நிற்பதில்லை, சுழன்றுகொண்டேதான் போகும். அவள் அதைச் சொன்ன நேரத்தில் அது சுழன்று, அவள் முகம் நாங்கள் விட்டு வந்த தென்கரையைப் பார்த்திருந்தது.